மண்டப வாசல் முகம்

பீளமேட்டில், அவிநாசி சாலையோரம், பேராசிரியர் ஒருவர் இடுப்பளவுத் தடுப்பின் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, விளக்குக் கம்பத்தின் தாயாரைப் பற்றிக் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பேராசிரியர் என்பதால் வசவில் ஒற்றுப்பிழை கூட இல்லை. அவருக்குப் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி கைப்பையால் தடுப்பைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற ஒரு பெரியவர் தொண்டையைக் காறி, குறி பார்த்து, கம்பத்தின் அடியில் துப்பினார். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. எல்லோரும் சாலையைக் கடப்பதற்குத்தான் நின்றார்கள்.

கோகிலவாணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். செருப்பை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. காய்ந்த எச்சிலின் மேல் ஈர எச்சில் விழுந்து, வெயில் ஏற ஏற அந்த நடைபாதையிலிருந்து ஒரு புளித்த வாடை கிளம்பும். முந்தானையால் மூக்கை மூடலாம் என்றால் அதுவும் முடியாது. மூக்கை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்பவர்களை அந்தக் கம்பம் மதிப்பதில்லை.

கம்பத்தில் பழைய காலத்து மூன்று விளக்குகள் கிடையாது. ஆளுயரத்துக்கு ஒரு நிறப்பட்டை இருந்தது. அடியில் சிவப்பு. அது மெல்ல மேலேறி மஞ்சளாகும், இன்னும் ஏறிப் பச்சையாகும். பச்சை உச்சியைத் தொட்டால் தடுப்பின் கதவு திறக்கும். சாலையில் ஓட்டுநர் இல்லாமல் இடைவெளியே விடாமல் ஓடும் தானோடிகள் வரிசையாக நிற்கும். ஊரார் இதைப் பழுப்பது என்பார்கள். பழுத்துவிட்டதா என்று ஒருவர் கேட்பார், இன்னும் காய்தான் என்று இன்னொருவர் சொல்வார்.

பழைய விளக்குக்கு நில், போ என்ற இரண்டு வார்த்தைகள்தான் தெரியும். இதற்கோ அவற்றின் நடுவே இருக்கிற அத்தனையும் தெரியும். மங்கல் தர்க்கம் என்று பெயர். ஆள் எரிச்சலாக இருக்கிறானா இல்லையா என்று அது கேட்காது. எவ்வளவு எரிச்சல் என்று கேட்கும். ஒரே ஆள் கொஞ்சம் எரிச்சலில் பாதியும் முற்றிய எரிச்சலில் கால்வாசியும் இருக்கலாம். கம்பத்தில் பதித்த மெய்ப்பாட்டு நோக்கி, அதாவது உடம்பைப் படிக்கிற கண், தோளையும் தாடையையும் கையையும் மூச்சையும் பார்த்து இந்தப் பங்குகளைச் சொல்லும். எவ்வளவு கூட்டம், எவ்வளவு நேரமாக, சாலையில் எவ்வளவு நெரிசல் என்பதையும் சேர்த்துக் கலந்து விதிகள் பட்டையை ஏற்றும், இறக்கும். ரசத்துக்கு உப்புப் போடுகிற கை எதையும் அளக்காமலே அளக்கிறதே, அந்த மாதிரி.

விதிகளை எழுதியவர்கள் வெளியூர்க்காரர்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார்கள். எரிச்சல் முற்றியவன் தடுப்பைத் தாண்டிக் குதித்து அடிபடுவான், ஆகவே அவனுக்கு முதலில் பச்சை. பொறுமையாக நிற்பவன் எப்படியும் நிற்பான், அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் கொண்டுவந்து கோயம்புத்தூரில் நட்டபோதுதான் வேடிக்கை நடந்தது. இங்கே பாதம் வழுக்கி விழுந்தவன்கூட எழுந்து தரையிடம் மன்னிப்புக் கேட்பான். நீங்கள் முன்னால் போங்கள், இல்லையில்லை நீங்கள் போங்கள் என்று ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொண்டு நின்றார்கள். இவர்களுக்குக் கடக்கிற உத்தேசமே இல்லை என்று கம்பம் முடிவு கட்டியது. சிலர் மதியம் வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். பிறகு ஒருநாள் எங்கிருந்தோ வந்த ஒருவன் கம்பத்தை எட்டி உதைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பட்டை சரசரவென்று பழுத்தது. ஊர் அதைப் பார்த்துக்கொண்டது. அப்புறம் அந்த ஊர் கெட்டுப்போக அதிக நாளாகவில்லை.

கோகிலவாணி விளக்கு வாரியத்தில் விதி எழுத்தர். இந்த ஊருக்கு ஏற்றபடி எரிச்சலின் பங்குகளைக் கூட்டிக் குறைப்பது அவள் வேலை. அதை அந்த நடைபாதையில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கம்பத்துக்குப் போகிற எச்சில் தன் மேல் விழும் என்று தெரியும்.

அன்று காலை பட்டை மஞ்சளில் நின்று அடம்பிடித்தது. பேராசிரியருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போது நிறைமதி அம்மாவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு முன்னால் போனாள். இரண்டாம் வகுப்பு. நாய்க்குட்டி தூங்கினால் பக்கத்தில் மெதுவாக நடக்கிற குழந்தை. தடுப்பின் கீழ்க்கம்பியில் ஏறி நின்று, எக்கி, கம்பத்தின் மேல் துப்பினாள். பிறகு பாட்டு ஒப்பிக்கிற குரலில் ஒரு சொல்லைச் சொன்னாள். அந்தச் சொல்லைக் கோகிலவாணி கல்யாணமான பிறகுதான் முதன்முதலில் கேட்டிருந்தாள்.

பட்டை உச்சிக்கு ஏறியது. கதவு திறந்தது.

"சூட்டிகையான புள்ளைங்க," என்றார் பேராசிரியர் காலை இறக்கிக்கொண்டே. "நல்லா வளத்தியிருக்கீங்க."

கோகிலவாணி முந்தானை நுனியை எடுத்தாள். மகளின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த எச்சிலைத் துடைத்துவிட்டு, அவளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டாள். குழந்தை பெருமையோடு கையசைத்துவிட்டு உள்ளே போனது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தோசை வரத் தாமதமானது. நிறைமதி மேசை மேல் காலைத் தூக்கிப் போட்டாள்.

"காலை எறக்கு கண்ணு. ஊத்திட்டுத்தானே இருக்கேன்."

"நீ சீக்கிரம் பழுக்கவே மாட்டேங்கற," என்றாள் நிறைமதி. சொல்லிவிட்டு அடுப்பங்கரைத் தரையில் துப்பினாள்.

கோகிலவாணியின் கணவன் கதிரேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தினமும் மூன்று விளக்குகளைத் திட்டிக் கடந்து வேலைக்குப் போகிறவன். "விடு கோகிலா. நாளைக்குத் தனியா ரோட்டக் கடக்கோணுமல்ல. கத்துக்கட்டும்."

"இவ மனுசியா வளரோணும்னு எனக்கு ஆசைங்க," என்றாள் கோகிலவாணி. "ரோட்டக் கடக்கறதுக்கு மட்டும் ஒரு புள்ளையப் பெக்கல நான்."

தரையைத் துடைத்தாள். துடைத்த துணியைத் துவைக்க மனம் வராமல் குப்பையில் போட்டாள். ஊர் எப்படியோ நாறித் தொலையட்டும், இந்தக் குழந்தை இப்படி ஆகக் கூடாது என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது.

மறுநாள் முதன்மைப் பொறியாளர் திருமூர்த்தியின் அறைக்குப் போனாள். அவர் தலைக்கு மேலே ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. விபத்துக் கோடு அதில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"அடிபட்டவங்க யாருமே இல்லீங்க அம்மிணி. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ரோட்டுல அடிபடலீங்க சார். மத்தபடி எல்லாருமே கெட்டுப்போயிட்டாங்க. நடைபாதைல கால் வெக்க முடியல. கொளந்தைங்க பேசறதக் காதுல கேக்க முடியல."

"அவங்கவங்க வாய் நாறுனா வாரியம் என்ன பண்ணும்?"

"நாமதான் நாற வெக்கறமுங்க. எவன் அசிங்கமா நிக்கறானோ அவனுக்குத்தான் கதவத் தொறக்கறோம். அதைத் திருப்பிப் போட்டுரலாம். பொறுமைக்குப் பச்சை குடுக்கலாம்."

"எரிச்சல் வந்தவன் குதிச்சுப்போடுவானே?"

"தடுப்ப நெஞ்சளவுக்கு ஒசத்திரலாமுங்க. குதிக்க முடியாது."

திருமூர்த்தி நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் யோசித்தார். "நெசமாவே அவசரமா ஒருத்தன் வந்தா? அவன் எப்படிப் பொறுமையா நிப்பான்? அவசரத்துக்குன்னு தனியா ஒரு விதி வெச்சுக்கலாமே."

"வெச்சா நாளைக்கே ஊரே வவுத்தப் புடிச்சுட்டு நிக்குமுங்க," என்றாள் கோகிலவாணி. இந்த ஊர் மேல் அவளுக்கு அப்போது அவ்வளவு அருவருப்பு. "அந்த ஓட்டையே வேண்டாம் சார்."

திருமூர்த்திக்கும் இது பிடித்துப்போனது. கம்பத்தில் ஒரு சிறு திரை வைத்து, அன்றன்றைக்கு ஆக நல்ல முகத்தை மறுநாள் முழுக்கக் காட்டலாம் என்று தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். நடவடிக்கைக்குப் பண்பு விதி என்று பெயரும் வைத்தார்.

விதியைக் கோகிலவாணி ஒரே வரியில் எழுதினாள். எல்லோரும் பொறுமையாக இருந்தால் பச்சை. மங்கல் தர்க்கத்தில் எல்லோரும் என்ற சொல் மிகவும் கறாரானது. நிற்பவர்களில் யாருக்குப் பொறுமை ஆகக் குறைவோ, அவருடைய அளவுதான் மொத்தக் கூட்டத்துக்கும் அளவு. ஊரே சாதுவாக நின்றாலும் ஒருவன் காறித் துப்பினால் பட்டை அவனோடு கீழே இறங்கிவிடும். அவளுக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் இருப்பவனைப் பக்கத்தில் இருப்பவனே திருத்திக்கொள்வான் என்று கணக்குப் போட்டாள்.

இனி பொறுமை என்றால் எப்படி இருக்கும் என்று கம்பத்துக்குக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்கு முகங்கள் தேவை. நடைபாதையில் அப்படி ஒரு முகம்கூட மிச்சமில்லை. யோசித்துக்கொண்டே இருந்தவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகளின் கல்யாணத்தில் விடை கிடைத்தது. மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்கும் பன்னீர்ச் செம்புக்கும் நடுவே, பெண் வீட்டார் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்கள். கூப்பிய கை இறங்கவில்லை. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "வாங்க, வாங்க, சாப்ட்டுட்டுத்தான் போகோணும்" என்று ஆளுக்கு ஆள் அதே கனிவோடு சொன்னார்கள். கோகிலவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊர் இன்னும் இங்கே உயிரோடுதான் இருக்கிறது என்று நினைத்தாள்.

அன்று மாலை வரவேற்பிலிருந்தே தொடங்கி, அந்த மாதத்து முகூர்த்தம் ஒன்றைக்கூட விடாமல் மண்டபம் மண்டபமாக மெய்ப்பாட்டு நோக்கியைத் தூக்கிக்கொண்டு போனாள். சித்தப்பாவுக்குச் செருப்பு கடித்ததும், மாப்பிள்ளை வீட்டார் காப்பி ஆறிப்போனது என்று சண்டை போட்டதும், யார் யார் வரவில்லை என்று சித்தி சிரித்துக்கொண்டே மனதுக்குள் குறித்துவைத்ததும் நோக்கிக்குத் தெரியாது. கோகிலவாணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரியாக இருந்தால் இந்த முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பாள். இவள் இதே வாசலில் இதே முகத்தோடு நின்று வளர்ந்தவள், அதனால் அதைப் பொறுமை என்றே நம்பினாள்.

பண்பு விதி நடைமுறைக்கு வந்தது. நடைபாதைகளைக் கழுவினார்கள். ஊர் ஒரே வாரத்தில் திருந்தியது.

சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் கை கூப்பி, தலை சாய்த்து, எதிர்ப்பக்கம் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றார்கள். இரண்டு சம்பந்தி வீட்டார் நடுவே சாலையை விட்டுவிட்டு எதிரெதிரே வரவேற்றுக்கொள்வதுபோல் இருந்தது. எச்சில் இல்லை, வாடை இல்லை. வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போனார்கள். முதல் சில நாட்கள் கோகிலவாணி வேண்டுமென்றே சீக்கிரம் கிளம்பி, அந்தக் காட்சியைப் பார்க்கவென்றே இரண்டு பச்சையைத் தவறவிட்டாள்.

பிறகு ஒருநாள் பேராசிரியர் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. அவர் கை கூப்பியிருந்தார். முகத்தில் அருள் வழிந்தது. உதடு அசையாமல், பல்லுக்கு நடுவிலிருந்து, கம்பத்தின் தாயாரைப் பற்றி அதே பழைய வசனத்தை வெகு இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோகிலவாணி பட்டையைப் பார்த்தாள். பழுத்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவள் கண்ணில் வேறு எதுவும் படவில்லை. கூப்பிய கைகளுக்குக் கீழே முழங்கைகள் பக்கத்து விலாவில் இடித்தன. சிரித்த முகத்தோடு ஒருவர் இன்னொருவரின் காலை மிதித்துப் பின்னுக்குத் தள்ளினார். பல் மட்டும் சிரித்தது, கண் பட்டையையே முறைத்தது. முன்பாவது எச்சில் தரையில் கிடந்தது, தாண்டிப் போகலாம். இப்போது அத்தனையும் அவரவர் வாய்க்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் ஈர வேட்டியோடு நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். மயானத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களில் இளையவன் ஒருவன் அழுகையை அடக்க முடியாமல் நின்றான். அரைக்கு மேல் ஏறியிருந்த பட்டை மளமளவென்று இறங்கியது.

பட்டுப்புடவைப் பெண்மணி அவன் பக்கம் திரும்பினார். கையைப் பிரிக்கவேயில்லை. "பெரிய துக்கமுங்க தம்பி. கேக்கவே சங்கடமா இருக்குது. கொஞ்சம் அக்கட்டால தள்ளி நின்னுக்கறீங்களா? உங்களால எல்லாருக்கும் எறங்குதுங்க."

அவர்கள் நோக்கியின் பார்வைக்கு வெளியே, புளிய மரத்தடிக்குப் போய் நின்றார்கள். பட்டை ஏறியது, கதவு திறந்தது. எல்லோரும் போனார்கள். கோகிலவாணியும் போனாள். அன்று அவளுக்கு அலுவலகத்தில் கூட்டம் இருந்தது. அவர்கள் விலகியபோது அப்பாடா என்று இருந்ததையும் அவள் உணராமல் இல்லை. நடுச்சாலையில் போகும்போது தன் மேலேயே அவளுக்கு ஒரு கசப்பு வந்தது. விதியில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் மறந்துபோனாள்.

வீட்டில் நிறைமதி இப்போது துப்புவதில்லை. தோசைக்குக் கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருநாள் மாடிப்படியில் உருண்டு முழங்கால் பிய்ந்து ரத்தம் வழிய வந்து நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

"அழுகை வந்தா அழு சாமி. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அழுதா எல்லாருக்கும் எறங்கிருங்கம்மா," என்றாள் நிறைமதி. சிரிப்பு அப்படியே இருந்தது.

கோகிலவாணி மருந்து போட்டுவிட்டாள். அந்தச் சின்ன முகத்தில் சித்தியின் மண்டப வாசல் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. எச்சில் என்றால் துணியால் துடைக்கலாம். இதை எதைக் கொண்டு துடைப்பது என்று தெரியவில்லை.

மழை ஆரம்பித்த ஒரு முகூர்த்த நாள் மதியம் நிறைமதிக்கு வீசிங் வந்தது. சின்ன வயதிலிருந்தே உண்டு, வழக்கமாக மருந்து இழுத்தால் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. உதடு நீலம் பாய ஆரம்பித்தது. கதிரேசன் வேலைக்குப் போயிருந்தான். மருத்துவமனை சாலைக்கு அந்தப் பக்கம், வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் பெயர்ப்பலகை தெரியும். வண்டி வைத்தால் வெகுதூரம் போய்த் திரும்பி வர வேண்டும். பக்கத்துச் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீரோடு சாக்கடையும் நிரம்பிக் கிடந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோகிலவாணி கம்பத்துக்கு ஓடினாள்.

அங்கே கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் தாம்பூலப் பையோடு நின்றது. பட்டை பச்சைக்கு ஏறியிருந்தது. இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. கோகிலவாணி மூச்சிரைக்க வந்து நின்றதும் அது நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. எல்லாம் சிரித்த முகங்கள்.

"கொளந்தைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார் ஒருவர். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேராசிரியர்தான். "பாவமுங்க. கொஞ்சம் அந்த மரத்தடில நின்னுக்கறீங்களா? நாங்க போனதும் நீங்க நிதானமா வரலாமுங்க."

"மூச்சு விட முடியலீங்க சார் கொளந்தைக்கு. எதுக்கால ஆஸ்பத்திரி. நாம சேந்தே போயரலாம். எல்லாரும் கம்முனு இருங்க, நானும் கம்முனு நிக்கறேன்."

அவளால் கம்மென்று நிற்க முடியவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது. தோளில் குழந்தையின் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. பட்டை மஞ்சளுக்கு வந்துவிட்டது.

"எறங்குதுங்க அம்மிணி," என்றார் பட்டுப்புடவைப் பெண்மணி. அவர் குரலில் தேன் சொட்டியது. "உங்களுக்குத் தெரியாததுங்களா. பஸ்ஸு போயிருமுங்க."

"இந்த விதிய எழுதுனவளே நான்தானுங்க," என்று கோகிலவாணி கத்தினாள். "பொறுமைன்னா இது இல்லீங்க. நான் தப்பா காட்டிட்டேன்."

பட்டை சிவப்பைத் தொட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கை கூப்பியபடியே, சிரித்தபடியே, தோளாலும் தாம்பூலப் பையாலும் இடித்து இடித்து அவளை மரத்தடி வரை கொண்டுபோய் விட்டார்கள். திரும்பிப் போய் வரிசையில் நின்றார்கள். பட்டை ஏறியது. கதவு திறந்ததும் அவள் பாய்ந்து ஓடினாள். கடைசி ஆள் தாண்டியதும் கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

இப்போது அந்தப் பக்கம் அவளும் குழந்தையும் மட்டும். நெஞ்சளவுத் தடுப்பு. அதற்கு அப்பால் தானோடிகள் சர் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. தடுப்பை உயர்த்தச் சொன்னவளும் அவள்தான். பட்டை அடிச் சிவப்பில் கிடந்தது.

கம்பத்துக்கு என்ன வேண்டும் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்குக் கூப்பிய கை வேண்டும். தோளில் குழந்தை இருந்தால் கை கூப்ப முடியாது.

குழந்தையை இறக்கி நனைந்த நடைபாதையில் தடுப்போரம் சாய்த்து உட்கார வைத்தாள். நிமிர்ந்தாள். கை கூப்பினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். மூச்சை நிதானமாக விட்டாள். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தின் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, காலியான சாலையோரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க, வாங்க," என்றுகூட வாய் முணுமுணுத்தது.

பட்டை கொஞ்சம்கூட அசையவில்லை.

அவளுக்குப் புரிந்தது. எல்லோரும் என்றால் எல்லோரும்தான். நிற்பவர்கள் இரண்டு பேர். ஆகக் குறைந்த முகம் கீழே உட்கார்ந்திருந்தது. வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

கோகிலவாணி சிரிப்பைக் கலைக்காமலே குனிந்தாள்.

"கண்ணு," என்றாள். "கும்புடு சாமி. சிரி."

நிறைமதி அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சின்னக் கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டே ஒன்றுசேர்ந்தன. தலை சாய்ந்தது. விசில் சத்தம் கம்பத்துக்குக் கேட்காமலிருக்க அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நீலம் பாய்ந்த உதடுகள் விரிந்து, வெகு அழகாக, பெண் வீட்டாரைப் போலவே சிரித்தன.

பட்டை கிடுகிடுவென்று ஏறி உச்சியைத் தொட்டது. தானோடிகள் இரு பக்கமும் பணிவாக நின்றன. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள்.

சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்று மருத்துவர் சொன்னார். இரவு முழுக்க முகத்தில் குழாயோடு தூங்கிவிட்டு, மறுநாள் காலை நிறைமதி இட்லி கேட்டாள். நல்லவேளை, கை கூப்பாமல் கேட்டாள். கோகிலவாணி வார்டுக்கு வெளியே போய் வாய்விட்டு அழுதாள். விதியை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும் என்று திருமூர்த்தியிடம் தொலைபேசியில் பேசினாள். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார்.

"கொளந்த நல்லா இருக்குதல்ல? அப்ப விதி வேலை செஞ்சிருக்குதுன்னுதான அர்த்தம்?" என்றார். "பத்து ஊர்ல கேட்டிருக்காங்க அம்மிணி. இப்பப் போயி கை வெக்க வேண்டாம்."

மதியம் கதிரேசன் வந்தான். மூன்று பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வெயில் அடித்தது. மருத்துவமனைப் பக்கத்துக் கம்பத்தடியில் பத்துப் பதினைந்து பேர் கை கூப்பி நின்றார்கள். கம்பத்துத் திரையை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, அதில் இருந்ததைப்போலத் தங்கள் தலையின் சாய்வைச் சரிசெய்துகொண்டார்கள்.

திரையில் கோகிலவாணி சிரித்துக்கொண்டிருந்தாள். கூப்பிய கையும் கனிந்த கண்ணுமாக, ஊரில் ஆக நல்ல முகம். படத்தின் அடியில் ஓரமாக இரண்டு சின்னக் கைகளும் கூப்பியபடி தெரிந்தன. அவற்றுக்கு மேலே இருந்த முகம் சட்டகத்துக்குள் வரவில்லை.

"அம்மா, நீங்கதான் நேத்து ஃபர்ஸ்ட்டு," என்றாள் நிறைமதி.

கோகிலவாணியின் வாய் முழுக்க எச்சில் ஊறியது. அடிவயிற்றிலிருந்து காறி, அந்தத் திரையில் சிரிக்கிற மூஞ்சியின் நடு மூக்கில் துப்ப வேண்டும் போல் இருந்தது. தொண்டையைக் காறினாள். தாடை இறுகியது.

பட்டை இறங்கியது.

"அம்மிணி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கனிவாகக் கூப்பிட்டது. "கொளந்தைய வெயில்ல நிக்க வெக்கறீங்களே. கொஞ்சம் பாத்துக்கங்க."

நிறைமதி ஏற்கெனவே கை கூப்பி நின்றாள். பட்டையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். கோகிலவாணி வாயில் இருந்ததை விழுங்கினாள். கை கூப்பித் தலையைச் சாய்த்துக்கொண்டு பச்சைக்காகக் காத்திருந்தாள்.